சிவந்த கடல், வைரஸ் – கடிதம்

அன்புள்ள அக்கா,

கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் பெருகிக் கடல் நிறம் மாறுவது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் பொழியூர்க்காரன். அப்பா முப்பது வருஷம் சிப்பி எடுத்தவர், இப்போது வீட்டில் இருக்கிறார். நச்சுப் பாசிகளைக் கொல்லும் வைரஸ் கடலிலேயே உண்டு என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அதையே வளர்த்துக் கடலில் விட்டால் போதாதா? கண்காணிப்பு, எச்சரிக்கை என்று ஏன் இவ்வளவு பாடு?

எஸ்., பொழியூர்

அன்புள்ள எஸ்.,

விழிஞ்ஞத்தில் 1997 செப்டம்பரில் சிப்பி தின்று 7 பேர் இறந்தது உங்கள் வீட்டில் நினைவிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் 500 பேருக்கு மேல். அது கெட்டுப்போன சிப்பி அல்ல. சிப்பி தண்ணீரை வடிகட்டித் தின்கிறது, அதோடு பாசியின் நஞ்சு சதையில் சேர்ந்துவிடுகிறது. வேகவைத்தாலும் போகாது. முதலில் உதடு மரக்கும், முற்றினால் மூச்சு நிற்கும். மாற்று மருந்து கிடையாது.

சரி, வைரஸுக்கு வருவோம். ஒரு மில்லி கடல்நீரில் சுமார் 1 கோடி வைரஸ் இருக்கும். (குளிக்கப் பயப்பட வேண்டாம், பெரும்பாலானவை பாக்டீரியாவைத் தேடுபவை.) ஜப்பானிலும் ஒரு கொச்சி உண்டு. அந்த மாகாணத்தின் உரனோஊச்சி விரிகுடாவில் 1988ல் ஹெட்டிரோகாப்சா என்ற பாசி பெருகி, சிப்பி வகைகளைக் கொன்றது. மனிதனுக்கு அதனால் ஆபத்தில்லை, சிப்பி வளர்ப்பவனுக்குத்தான் நஷ்டம். அதைத் தாக்கும் வைரஸைப் பற்றி 2004ல் ஜப்பானியர்கள் எழுதினார்கள். அதிலேயே இரண்டு வகை. ஒன்று தாக்கும் பாசியை மற்றது தொடாது. இத்தனைக்கும் இரண்டும் ஒரே இனத்துப் பாசிகள்! நீங்கள் எதை வளர்த்து எங்கே விடுவீர்கள்?

இன்னொன்று, வைரஸ் நீந்தாது. தண்ணீரோடு மிதந்து பாசிமேல் மோத வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் சளி பரவுவதுபோல, பாசி நெருக்கமாகப் பெருகிய பிறகுதான் அதற்கு வேலை. அதற்குள் சிப்பி நஞ்சைத் தின்று முடித்திருக்கும். வைரஸ் தாக்கிப் பாசியின் செல் வெடித்தால் உள்ளே இருந்த நஞ்சும் தண்ணீரில் கலக்கும்.

என்னைக் கேட்டால், வைரஸை மருந்தாக நினைப்பதைவிட அடையாளமாகப் பார்ப்பது நல்லது. தண்ணீரில் பாசியோடு அதன் வைரஸின் மரபணுவையும் எண்ணிப் பார்த்தால், பெருக்கு ஏறுமுகமா இறங்குமுகமா என்று ஊகிக்க ஒரு தடயம் கிடைக்கும்.

ஆனால் நமக்கு அது இரண்டாம் கட்டம். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் 2021லிருந்து செயற்கைக்கோள் வழியாகப் பாசிப் பெருக்குத் தகவல் தருகிறது, நல்ல காரியம். செயற்கைக்கோள் நிறத்தைத்தான் பார்க்கும், நஞ்சைப் பார்க்காது. தென்மேற்குப் பருவத்தில் அடிக்கடல் நீர் மேலெழும்பி நம் கரையில் பாசி செழிக்கும்போது, வானம் முழுக்க மேகம். ஆகவே யாராவது பாட்டிலோடு வள்ளத்தில் ஏறித்தான் ஆகவேண்டும். சிப்பி இறங்கும் துறைகளில் சதையையும் வாராவாரம் சோதிக்க வேண்டும்.

அப்பாவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். 97ல் அந்த நாட்களில் தண்ணீர் நிறம் மாறியிருந்ததா? சில நச்சுப் பாசிகள் நிறமே மாறாத அளவுக்குக் கொஞ்சமாக இருந்தாலும் சிப்பியில் நஞ்சு ஏறிவிடும். அதனால்தான் கேட்கிறேன்.