டூர் கம்பெனி இல்லாமல், துணைக்கு ஒருவரோடு வெளிநாடு போனால் அன்றாடம் என்னென்ன சிக்கல் வரும்?

முதல் தடவை போகிறீர்கள், கூட வருவது அக்காவோ தோழியோ என்று எடுத்துக்கொள்கிறேன். புக்கிங், மேப், பணம் எல்லாம் உங்கள் கையில் இருக்கும். கூட வருபவர் "நீயே பாத்துக்கோ" என்று சொல்லியிருப்பார். வினையே அங்கேதான்.

மும்பை செம்பூரிலிருந்து நானும் முலுண்டிலிருந்து என் நாத்தனாரும் (கணவரின் அக்கா, வயது 61) சேர்ந்து 12 நாள் இத்தாலி போய்வந்தோம். உடனே "நாத்தனாரோடு போனால் அப்படித்தான்" என்று யாரும் கமெண்ட் போட வேண்டாம். என் கூடப்பிறந்தவளைவிட எனக்கு அவரோடுதான் ஒத்துப்போகும்.

சில்லறைச் சண்டைகள் வரத்தான் செய்யும். ஹோட்டலில் "டபுள்" என்று போட்டால் ஒரே பெரிய கட்டில். "ட்வின்" என்று கேட்டால்தான் இரண்டு. காபியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் பல இடங்களில் வேறு விலை. நான் நிற்கிற கட்சி, அவர் முட்டிவலிக் கட்சி. மதியம் 3 மணிக்கு மேல் முக்கால்வாசி ஓட்டல்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள், மறுபடி ராத்திரி 7 மணிக்குத்தான். நடுவில் பசித்தால் கொண்டுபோன தேப்லாதான் (குஜராத்தி வெந்தயக்கீரைச் சப்பாத்தி). இதெல்லாம் இரண்டு நாளில் பழகிவிடும்.

வெனிஸுக்கு இரண்டு ஸ்டேஷன் உண்டு. மெஸ்த்ரே கரையில் இருக்கிறது, சாந்தா லூசியா தீவில். நடுவே காயல்மேல் நீளப் பாலம், ரயிலில் பத்து நிமிஷம். எங்கள் ஹோட்டல் தீவில். நாத்தனாரோ முப்பது வருஷம் மும்பை லோக்கல் ரயிலில் வேலைக்குப் போனவர். தாதரில் இறங்க இரண்டு ஸ்டேஷன் முன்னால் சயனிலேயே எழுந்து கதவோரம் நிற்கிற உடம்பு. அறிவிப்பில் "வெனேட்சியா" (வெனிஸுக்கு இத்தாலியப் பெயர்) என்று காதில் விழுந்ததுதான் தாமதம், பெட்டியோடு கதவுக்குப் போய்விட்டார். மேல்தட்டிலிருந்து என் பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், மெஸ்த்ரே பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு "வா, வா" என்று கையை ஆட்டுகிறார். கதவு மூடிக்கொண்டது.

அவர் போனில் நெட் கிடையாது. காசு மிச்சம் என்று ஒரே ஒரு இ-சிம் வாங்கி, என் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டிக்கொண்டிருந்தோம். விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்குக் காப்பீடு கேட்பார்கள், எடுத்திருந்தோம். அந்த உதவி நம்பரும் என் போனில்தான். இரண்டு பாஸ்போர்ட்டும் என் கழுத்துப் பையில். என் பிரஷர் மாத்திரை அவர் பெட்டியில்.

சாந்தா லூசியாவில் இறங்கி, அடுத்த ரயிலிலேயே மெஸ்த்ரேக்குத் திரும்பினேன். அவசரத்தில் டிக்கெட்டை மெஷினில் முத்திரை குத்த மறந்துவிட்டேன். உள்ளூர் ரயில்களின் காகித டிக்கெட்டுக்கு அது இல்லாவிட்டால் அபராதம். (டிக்கெட் வாங்கினேன், திருட்டு ரயில் ஏறவில்லை.) பரிசோதகர் வரவில்லை, பிழைத்தேன். மெஸ்த்ரே பிளாட்பாரத்தில் ஆளைக் காணோம். போன் அடிக்கிறது. கணவர். மும்பையில் அப்போது ராத்திரி பத்தரை.

"அக்காவ எங்க விட்டுட்டு நீ எங்க போயிட்டே?"

மெஸ்த்ரேயில் வங்காளதேசத்துக்காரர்கள் நிறைய. ஸ்டேஷனுக்கு எதிரே அப்படி ஒரு கடைக்காரரிடம் நாத்தனார் தன் பம்பாய் இந்தியில் கதையைச் சொல்லி, அவர் போனை வாங்கி, மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பருக்கு, அதாவது தம்பிக்கு, அடித்திருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது ஸ்டூலில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். "மெதுவா வா, இவரு காசு வாங்க மாட்டேங்கறாரு" என்றார்.

இருவருமாகத் திரும்பி வந்தால், சாந்தா லூசியா வாசலிலேயே ஸ்கால்சி பாலம், ஏறி இறங்க அத்தனையும் படி. இரண்டு பெட்டியையும் நான்தான் தூக்கினேன். பெரிய கஷ்டம் தெரியவில்லை, ஏனென்றால் எங்கள் கட்டடத்தில் நாலு மாதமாக லிஃப்ட் ஓடவில்லை, நாங்கள் நாலாவது மாடி. மெயின்டனன்ஸ் மட்டும் ஒன்றாம் தேதி டாணென்று கேட்பார்கள். சொசைட்டி செயலாளரைக் கேட்டால் "ஜெனரல் பாடியில் பேசலாம்" என்கிறார். அவர் வீடு தரைத்தளம். சரி, அது வேற கதை.

மறுநாளே நாத்தனாருக்கு ஒரு தனி சிம், கையில் 100 யூரோ, பாஸ்போர்ட் அவரவரிடம், ஹோட்டல் முகவரி தாளில் எழுதி அவர் பர்ஸில். நீங்கள் இதையெல்லாம் கிளம்பும் முன்பே செய்துவிடுங்கள். மாத்திரையையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு விசேஷங்களில் என் கணவர் இன்னும் "இவ எங்கக்காவ வெனிஸ்ல தொலைச்சிட்டா" என்றுதான் ஆரம்பிக்கிறார். தொலைந்தது மெஸ்த்ரேயில். முந்திக்கொண்டு ரயிலை விட்டு இறங்கியது அவர்தான், நான் இல்லை.