வெள்ளைக்கல் ஏன் உடனே நுரைப்பதில்லை?

"வினைவேகத்தைப் பாதிக்கும் காரணிகளை மனப்பாடம் செய்துவிட்டேன், ஆனால் வேகத்தை நிஜத்தில் எப்படி அளக்கிறார்கள் என்று புரியவில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள். சேலத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் ட்யூஷன் எடுக்கிறேன், வருடா வருடம் யாராவது ஒருவர் இதையே கேட்பார், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் ஊரில் வெள்ளைக்கல் என்று ஒன்று உண்டு. மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். சேர்வராயன் மலை அடிவாரத்தில் கரும்பச்சைப் பாறைக்குள் நரம்பு நரம்பாக ஓடியிருக்கும். அதில் ஒரு துண்டின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒன்றுமே நடக்காது. சுண்ணாம்புக்கல் மேல் விட்டால் சொட்டு விழுந்த இடத்திலேயே புசுபுசுவென்று பொங்கும். இரண்டும் கார்பனேட்தான், வெளியே வருவதும் அதே கார்பன் டை ஆக்சைடுதான். வினைபடுபொருளின் தன்மை என்று புத்தகம் ஒரே வரியில் கடந்துபோகிற காரணி இது, என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது இதுதான். சரி, அதே வெள்ளைக்கல்லை இடித்துப் பொடியாக்கி வெதுவெதுப்பான அமிலத்தில் போட்டால் குமிழி வர ஆரம்பிக்கும். பொடியாக்கினால் அமிலம் தொடுகிற பரப்பு கூடுகிறது, அது எளிது. சூடு செய்கிற வேலைதான் பலருக்குத் தப்பாகப் புரிந்திருக்கிறது.

சூடானால் மூலக்கூறுகள் அதிகமாக மோதும், அதனால் வேகம் கூடும் என்று எழுதுகிறார்கள். 25 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போனால் மோதல் 2 சதவீதம்கூடக் கூடாது, ஆனால் பல வினைகளின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. காரணம், கிளர்வு ஆற்றலை, அதாவது வினை நடக்கத் தாண்ட வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல் தடையை, தாண்டுகிற அளவு ஆற்றல் உள்ள மூலக்கூறுகளின் பங்குதான் சட்டென்று ஏறுகிறது. 1889-ல் சுவீடன் வேதியியலாளர் அர்ரீனியஸ் விளக்கியது இதைத்தான். வினையூக்கி அந்தத் தடையையே தாழ்த்தி வேறு வழி திறந்துவிடுகிறது. சூட்டின் விளைவைச் சமையலிலும் பார்க்கலாம்: ஏற்காட்டில் என் சித்தி வீட்டில் குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகவே வேகாது. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அந்த உயரத்தில், சுமார் 1500 மீட்டரில், தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், பருப்புக்கு அதற்கு மேல் சூடு கிடைக்காது. 5 டிகிரி குறைவதற்கே அவ்வளவு நேரம் இழுக்கிறது.

இனி அளப்பது. வெள்ளைக்கல்லை வைத்து அளக்க உட்கார்ந்தால் பொழுது போய்விடும், பளிங்குச் சில்லு எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் சுண்ணாம்புக்கல் போலக் கால்சியம் கார்பனேட்தான். கூம்புக் குடுவையில் அமிலம், அதில் 5 கிராம் சில்லு, வாயில் தளர்வாகப் பஞ்சு, அப்படியே மின்னணுத் தராசின் மேல். வாயு வெளியேற எடை குறையும். முழுதும் கரைந்தால் 2.2 கிராம் குறைய வேண்டும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வரைபடம் போடுங்கள். முதல் நிமிடத்தில் 0.6 கிராம் குறைந்தால் சராசரி வேகம் நொடிக்கு 0.01 கிராம், ஆனால் ஐந்தாவது நிமிடத்தில் அதே எண் வராது, ஏனென்றால் அமிலத்தின் செறிவும் சில்லின் பரப்பும் குறைந்துகொண்டே போகின்றன. அதனால்தான் கோட்டின் தொடக்கத்தில் தொடுகோடு வரைந்து அதன் சரிவை ஆரம்ப வேகமாக எடுக்கிறோம். மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வாயு வராத வினை என்றால் மாறுகிற வேறு எதையாவது பிடிக்க வேண்டும், நிறமோ மின்கடத்துத்திறனோ. 1850-ல் வில்ஹெல்மி என்ற ஜெர்மன் விஞ்ஞானி சர்க்கரைக் கரைசலில் அமிலம் சேர்த்து, அதன் வழியே போகும் முனைவுற்ற ஒளி (ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளி) எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தே வேகத்தைக் கண்டுபிடித்தார், கரைசலைத் தொடவே இல்லை.

ஒன்று மட்டும் கவனம்: சூடான அமிலத்தில் எடை முறையை நம்பாதீர்கள், நீராவியும் சேர்ந்து போய் எடையைக் குறைத்துவிடும். அதற்கு வாயுவைச் சிரிஞ்சில் பிடித்துக் கன அளவு பாருங்கள், ஆய்வகத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு.