வி.ஆர். கொன்சர்ட்: போன் பெட்டியா, ஹெட்செட்டா?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் இருக்கிறோம். தங்கச்சிக்கு 15 வயது, பிளாக்பிங்க் என்ற கொரியப் பாட்டுக்குழு என்றால் உயிர். வி.ஆரில், அதாவது கண்ணில் மாட்டினால் நம்மைச் சுற்றிக் காட்சி தெரியும் மெய்நிகர் முறையில், கொன்சர்ட் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். டவுனில் ஒரு கடையில் போனை உள்ளே வைத்துப் பார்க்கும் வி.ஆர். பெட்டி சில ஆயிரம் ரூபாய்க்கு இருக்கிறது, மாட்டினால் மேடைக்கு முன்னால் நிற்பது மாதிரியே இருக்கும் என்கிறார் கடைக்காரர். ஓகஸ்டில் கனடாவிலிருந்து சித்தப்பா வருகிறார், மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் என்ற வி.ஆர். ஹெட்செட் ஒன்று கொண்டுவரட்டுமா என்று கேட்கிறார். எதை எடுப்பது? வீட்டு இணையம் தாங்குமா? அவளும் இரண்டு கூட்டாளிகளும் சேர்ந்து பார்க்கலாமா?

பதில்: பெட்டி வேண்டாம். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. சித்தப்பாவுக்கு என்ன சொல்வது என்பதுதான் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டிய விஷயம், ஏனென்றால் வி.ஆர். கொன்சர்ட் என்ற ஒரே பெயரை ஒட்டி ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல சாமான்களை விற்கிறார்கள். தங்கச்சி கேட்பது அதில் எதை என்று முதலில் அவளிடமே கேளுங்கள், முடிந்தால் அவள் எங்கே பார்த்து ஆசைப்பட்டாளோ அந்த வீடியோவையே காட்டச் சொல்லுங்கள்.

பேர்பெற்ற பெரிய இணைய நிகழ்ச்சிகள் சிலவற்றுக்கும் வி.ஆருக்கும் தொடர்பே இல்லை. 2020 ஏப்ரலில் டிராவிஸ் ஸ்கொட் ஃபோர்ட்நைட் விளையாட்டுக்குள் பாடியபோது முதல் காட்சிக்கே 1 கோடியே 23 இலட்சம் பேர் உள்ளே இருந்தார்கள். எல்லோரும் பார்த்தது சாதாரணத் திரையில். அதே வருடம் ஜூனில் பி.டி.எஸ். நடத்திய பேங் பேங் கொன் நிகழ்ச்சியை ஒரே நேரத்தில் 7 இலட்சத்து 56 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள், அதுவும் வெறும் நேரலைதான். கொரிய நிறுவனங்கள் போடும் மேடைக் கிராபிக்ஸ் நேரலைகளும் இந்த வகைதான். தங்கச்சி ஆசைப்படுவது இவற்றில் ஒன்று என்றால் ஒரு ஹெட்செட்டும் தேவையில்லை, டிவியும் ஒழுங்கான ஹெட்போனும் இருந்தால் விஷயம் முடிந்தது.

அப்புறம் அசல் வி.ஆர். இதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, உண்மையாக நடந்த கொன்சர்ட்டில் மேடைப் பக்கம் வி.ஆர். கமராக்களை வைத்து எடுப்பது. பிளாக்பிங்க் விஷயத்திலேயே அப்படி ஒன்று நடந்திருக்கிறது: 2023 செப்டெம்பரில் சோல் நகரின் கோச்சோக் ஸ்கை டோமில் அவர்களின் உலகச் சுற்றுப்பயணத்தை முடித்துவைத்த நிகழ்ச்சியை அந்த டிசெம்பர் கடைசியில் மெட்டாவின் ஹொரைசன் வேர்ல்ட்ஸ் என்ற மெய்நிகர் உலகச் செயலியில் போட்டார்கள். குறித்த நேரத்துக்கு வா, சேர்ந்து பார்ப்போம் என்று கூப்பிட்டாலும், மூன்று மாதத்துக்கு முன் எடுத்து வைத்ததைத்தான் காட்டினார்கள். பாட்டுக்குக் குறை இல்லை, ஆனால் நேரலை என்று நினைத்துக்கொண்டு இரவிரவாக முழித்திருக்க வேண்டாம். மற்றது, வி.ஆருக்கென்றே ஸ்டூடியோவில் பாடகர்களைப் பச்சைத் திரைக்கு முன்னால் ஆடவிட்டு, மேடையையும் வானத்தையும் கணினியில் வரைந்து சேர்ப்பது. அமேஸ்விஆர் என்ற நிறுவனம் இதில் கெட்டி. 2022இல் அமெரிக்கப் பாடகி மெகன் தீ ஸ்டாலியன், 2023இல் கொரியக் குழு ஈஸ்பா, 2024இல் இன்னொரு கொரியக் குழு டி.எக்ஸ்.டி. என்று செய்து, அமெரிக்காவிலும் கொரியாவிலும் சினிமாத் தியேட்டரில் ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு ஹெட்செட் கொடுத்துக் காட்டினார்கள்.

என்னைக் கேட்டால் இரண்டாவது வகைக்குத்தான் காசு கொடுக்கலாம். ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம், கடைக்காரரின் 'மேடைக்கு முன்னால்' கதைக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

360 பாகை வீடியோ ஒன்று 4கே என்று போட்டிருக்கும். டிவியில் 4கே என்றால் கண்ணாடி மாதிரித் தெளிவு. ஆனால் இங்கே 4கே படத்தின் அகலத்தில் உள்ள 3,840 புள்ளிகளும் உங்களைச் சுற்றியுள்ள முழு வட்டத்துக்கும், உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பதற்கும் சேர்த்துப் பங்கு போகிறது. 360ஆல் பிரித்தால் ஒரு பாகைக்குப் பத்துப் புள்ளி சொச்சம். நல்ல பார்வையுள்ள கண்ணோ பாகைக்கு 60 வரை பிரித்துப் பார்க்கும். இப்போது 1.6 மீற்றர் உயரமான ஒரு பாடகி கமராவிலிருந்து 10 மீற்றர் தள்ளி நிற்கிறார் என்று வையுங்கள். தலை முதல் கால் வரை அவர் அடைப்பது சுமார் 9 பாகை, அதாவது நூறு புள்ளிக்குள். அதில் முகம் எட்டில் ஒரு பங்கு, 12 புள்ளி. பன்னிரண்டு புள்ளிக்குள் கண் எது, சிரிப்பு எது? தலைமுடியின் நிறத்தை வைத்துத்தான் பிளாக்பிங்கின் ஜென்னியா லிசாவா என்று தீர்மானிக்க வேண்டியிருக்கும், அதற்கு யூடியூபில் யாரோ ஒரு ரசிகர் சூம் பண்ணி எடுத்த வீடியோ எவ்வளவோ மேல். அதே பாடகி 2 மீற்றரில் வந்து நின்றால் முகத்துக்குச் சுமார் 60 புள்ளி கிடைக்கும். 8கேயில் எடுத்திருந்தால் அதுவே இரட்டிப்பு.

ஆழம் தெரிவதும் அப்படித்தான். வலது கண்ணுக்கும் இடது கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டி, அந்த இரண்டுக்கும் உள்ள சின்ன வித்தியாசத்தில்தான் ஆள் உருண்டு திரண்டு தெரிகிறார். இரண்டு கண்ணுக்கும் இடையில் இருப்பதே ஆறு சென்ரிமீற்றர் சொச்சம், ஆகவே கை எட்டும் தூரத்தில் இந்த வித்தியாசம் பெரிது, பத்துப் பதினைந்து மீற்றருக்கு அப்பால் கிட்டத்தட்ட இல்லை. பெரிய ஸ்டேடியத்தில் தூரத்தில் வைத்த கமரா எவ்வளவு விலை கூடியதாக இருந்தாலும் தட்டையான படத்தைத்தான் தரும். ஸ்டூடியோவில் எடுப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், அதனால்தான் பாடகரைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுவந்து, லென்ஸை நேராகப் பார்த்துப் பாடச் சொல்கிறார்கள். தங்கச்சி பார்த்து மயங்கியது அந்த வகையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, கடைப் பெட்டிக்கு வருவோம். அது இரண்டு லென்ஸ் போட்ட பிளாஸ்டிக் கூடு, அவ்வளவுதான். வேலை முழுவதும் போனுடையது. போனின் திரையைக் குறுக்கே இரண்டாக வெட்டிக் கண்ணுக்குப் பாதி கொடுக்கும்போது இருக்கிற புள்ளிகளும் பாதியாகும், லென்ஸ் அதைப் பெருப்பிக்கும், நுளம்புவலைக்குள் இருந்து பார்ப்பது போல ஒரு படம் வரும். இன்னொரு சிக்கலும் உண்டு: குறைந்த விலைப் போன்கள் பலவற்றில் கைரோஸ்கோப் உணரி இருப்பதில்லை. இல்லாவிட்டால் தலையைத் திருப்பினாலும் காட்சி திரும்பாது. காசு கொடுக்காமலே சோதிக்கலாம்: யூடியூப் செயலியில் ஏதாவது ஒரு 360 வீடியோவை முழுத்திரையில் ஓடவிட்டு, திரையைத் தொடாமல் போனைப் பிடித்தபடி நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். காட்சி கூடவே சுற்றினால் கைரோஸ்கோப் இருக்கிறது, விரலால் இழுத்தால் மட்டும் நகர்ந்தால் இல்லை. இருந்தாலும் பெட்டி வேண்டாம் என்றுதான் சொல்வேன். இந்தப் பெட்டிகளுக்கு வழிகாட்டியான கார்ட்போர்டை 2014இல் கொண்டுவந்த கூகுளே 2021இல் விற்பதை நிறுத்திவிட்டது. புதிய கொன்சர்ட் செயலிகளை யாரும் இதை நம்பி எழுதுவதில்லை.

ஹெட்செட்டுக்கு வந்தால், குவெஸ்ட் 3 2023 ஒக்டோபரில் 500 டொலருக்கும், 3எஸ் 2024 ஒக்டோபரில் 300 டொலருக்கும் வந்தன, இரண்டும் அமெரிக்க விலை. 3இன் லென்ஸ் நல்லது, ஓரங்கள் வரை தெளிவு, கண்ணிடைத் தூரத்தைச் சில்லு ஒன்றைத் திருகிச் சரியாக வைக்கலாம். 3எஸ்ஸில் 58, 63, 68 மில்லிமீற்றர் என்று மூன்று நிலைதான். தங்கச்சிக்குப் பாடல் பார்க்க மட்டும் என்றால் 3எஸ் தாராளமாகப் போதும். சித்தப்பாவின் பிள்ளைகள் பாவித்த பழையது இருக்கிறது, அதைத் தரட்டுமா என்று கேட்டால் மாடலைக் கேளுங்கள். 2019இல் வந்த முதலாவது குவெஸ்ட் என்றால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள், அதற்குப் பாதுகாப்பு அப்டேட்கூட நின்றுவிட்டது.

ஆனால் ஒரே ஒரு நிகழ்ச்சிக்காக வாங்கவே வாங்காதீர்கள். இந்தத் தொழிலில் கடை மூடுவது சாதாரணம். வி.ஆரில் கொன்சர்ட்டும் விளையாட்டும் ஒளிபரப்பிய நெக்ஸ்ட்விஆரை 2020இல் ஆப்பிள் வாங்கியது, பழைய சேவை அதோடு போய்விட்டது. இன்னொன்று, எல்லா நிகழ்ச்சியும் எல்லா நாட்டுக்கும் திறப்பதில்லை. ஹொரைசன் வேர்ல்ட்ஸே 2021 டிசெம்பரில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் மட்டும்தான் திறந்தது. சித்தப்பா வீட்டில் ஓடுவது உவர்மலையிலும் ஓடும் என்று இல்லை. செயலியின் பக்கத்தில் இலங்கை இருக்கிறதா என்று பார்த்த பிறகே டிக்கெட்டுக்குக் காசு கட்டுங்கள், வி.பி.என். போட்டுச் சமாளிக்கலாம் என்ற கணக்கில் கட்ட வேண்டாம். நேரமும் கவனம்: கொரியாவில் இரவு 7 மணி என்றால் இங்கே பிற்பகல் 3.30, பள்ளி முடிந்து வந்து பார்க்கலாம். அமெரிக்க மேற்குக்கரை நேரம் மாலை 5 என்று போட்டிருந்தால் இங்கே மறுநாள் காலை, கோடை காலத்தில் 5.30, குளிர்காலத்தில் 6.30.

வீட்டு இணையத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல தரமான வி.ஆர். வீடியோ செக்கனுக்கு 25 மெகாபிட் இழுக்கிறது என்று வைத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 11 ஜிபிக்கு மேல் போகும். ஃபைபர் என்றால் பயமில்லை, பெக்கேஜில் மாத அளவு எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். போன் ஹொட்ஸ்பொட்டில் பார்க்கப்போனால் ஒரே நாளில் டேட்டா காலி. அதுவும் ஓகஸ்ட் என்றால் சீசன், உப்புவெளி நிலாவெளிப் பக்கம் சனம் நிறைந்திருக்கும். ஒரே கோபுரத்தை நிறையப் பேர் பிடித்தால் எல்லோருக்கும் வேகம் இறங்கும். தரவிறக்கி வைத்துப் பார்க்க வசதி இருந்தால் முதல் நாள் இரவே இறக்கிவிடுங்கள். நேரடியாக ஓடவிடுவதென்றால் ரவுட்டர் இருக்கும் அறையிலேயே, 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இணைத்துப் பாருங்கள், ஒரு சீமெந்துச் சுவர் குறுக்கே வந்தாலே அது நன்றாக இளைத்துவிடும்.

தலைசுற்றல் வரும் சிலருக்கு. கண் ஆடுகிறேன் என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு அசையவே இல்லை என்கிறது, மூளைக்கு எரிச்சல். கமரா நகராத நிகழ்ச்சியைக் கதிரையில் இருந்து பார்த்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, முகத்துக்கு நேரே ஃபேனைப் போட்டுவிட்டால் வியர்வைக்கும் நல்லது. குமட்டல் லேசாகத் தொடங்கினாலே கழற்றிவிட வேண்டும், இஞ்சிப் பிளேன்டீ குடித்துவிட்டுத் தொடரலாம் என்று வீம்பு பிடித்தால் இரவு வரை வாட்டும். வலிப்பு வந்த வரலாறு இருந்தால் இந்த மின்னும் மேடை விளக்குகளே ஆபத்து, முதலில் டொக்டரிடம் கேட்க வேண்டும்.

எங்கள் ஊர் வெயிலுக்கு ஒரு விஷயம். ஹெட்செட்டைக் கழற்றி ஜன்னலோரமோ விறாந்தையிலோ லென்ஸ் மேலே பார்க்க வைக்கக் கூடாது. லென்ஸ் வெயிலைக் குவித்து உள்ளே இருக்கும் திரையைப் பொசுக்கிவிடும், கொஞ்ச நேரமே போதும், அதைத் திருத்த முடியாது. துடைப்பதற்குக் காய்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும்.

மூன்று பேர் சேர்ந்து பார்ப்பது நடக்காது. ஒரு ஹெட்செட்டுக்கு ஒரு ஆள். உள்ளே தெரிவதைப் போனுக்கோ கணினிக்கோ காஸ்ட் பண்ணலாம், மற்ற இருவருக்கும் தட்டையான படம் தெரியும், சில செயலிகள் உரிமைப் பிரச்சினையால் அதையும் மறைத்துவிடும். பாட்டுக்கு ஒரு ஆள் என்று முறை வைத்துக்கொள்ளட்டும், சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை.

ஆகவே சித்தப்பாவுக்கு இப்படிச் சொல்லுங்கள்: தங்கச்சி காட்டிய நிகழ்ச்சி அசல் வி.ஆர். என்றும், செயலி இங்கே ஓடும் என்றும் உறுதியானால் 3எஸ் எடுக்கட்டும், இல்லையென்றால் அந்தக் காசில் நல்ல ஹெட்போன் ஒன்று. எடுத்தால் அங்கேயே பெட்டியைத் திறந்து, அப்டேட் எல்லாம் போட்டு, ஒரு பாட்டாவது ஓடவிட்டுப் பார்த்த பிறகு கொண்டுவரட்டும், பழுதென்றால் அங்கேயே மாற்றலாம். கணக்கை அவர் பெயரில் திறக்க வேண்டாம், 13 முதல் 17 வரையானவர்களுக்குப் பெற்றோர் மேற்பார்வை வசதியுடன் கணக்குத் திறக்கலாம், அம்மாவின் போனில் இணைத்தால் அவள் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறாள் என்று தெரியும். கனடாச் சார்ஜரின் தட்டை முள் எங்கள் பிளக்கில் ஏறாது, அதற்கென்று எடப்டர் தேடி அலைய வேண்டாம், யூ.எஸ்.பி.-சி வயர்தானே, வீட்டில் இருக்கும் நல்ல போன் சார்ஜரிலேயே போடலாம்.