முருங்கைப் பொடியில் 0.03: சரக்கைக் கைவிட வேண்டுமா?

கேள்வி: அரவக்குறிச்சியில் முருங்கை இலைப் பொடி தயாரிக்கிறோம். இங்கே சோதித்தபோது குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து ‘இல்லை’ என்று வந்தது. ஜெர்மனியில் வாங்குபவரோ கிலோவுக்கு 0.03 மில்லிகிராம் இருக்கிறது, சரக்கு வேண்டாம் என்கிறார். வேறு லேபில் நல்ல சர்டிபிகேட் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்கவே வாங்காதீர்கள். அங்கே துறைமுகத்தில் அதிகாரிகளே மாதிரி எடுத்துப் பார்க்கக்கூடும். உங்கள் காகிதம் ஒன்று சொல்லி, அவர்கள் கருவி வேறு சொன்னால், அடுத்த சரக்கையும் சந்தேகத்தோடுதான் திறப்பார்கள்.

முதலில் உங்கள் பழைய அறிக்கையை எடுங்கள். குளோர்பைரிபாஸ் வரிசையில் ‘எல்ஓக்யூ’ என்ற கட்டத்தைப் பாருங்கள். அந்த லேப் அளந்து சொல்லக்கூடிய மிகக் குறைந்த அளவு அது. அங்கே 0.05 என்று இருந்தால், 0.03 இருந்தாலும் ‘இல்லை’ என்றுதான் வரும். அடியில் ‘மாதிரி வாடிக்கையாளர் கொடுத்தது’ என்று இருக்கிறதா? அப்படியானால் அந்த அறிக்கை நீங்கள் கொடுத்த பொட்டலத்துக்கு மட்டும்தான், மொத்தச் சரக்குக்கு அல்ல. ஏஜென்ட்டுகள் பிழைப்பதே இந்த இரண்டு வரிகளை யாரும் படிக்காததால்தான்.

சரி, சட்டத்துக்கு வருவோம். குளோர்பைரிபாஸுக்கான அனுமதியை ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரியில் புதுப்பிக்க மறுத்தது. அந்த ஆண்டு நவம்பர் முதல் எச்ச வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதாவது ஒரு டன்னுக்குப் பத்து மில்லிகிராம்.

ஆனால் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது, இதைப் பொறுமையாகப் படியுங்கள். வரம்பு பச்சை இலைக்கு. இலையைக் காயவைத்தால் தண்ணீர் போகும், மருந்து தங்கிவிடும். எச்ச வரம்புச் சட்டத்தின் (396/2005) 20-ஆம் பிரிவு இதைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. ஐந்து கிலோ பச்சை இலை ஒரு கிலோ பொடியாகிறது என்றால், பொடியில் 0.03 என்பது இலையில் 0.006. வரம்புக்குள்தான்! ஆனால் அந்த ‘ஐந்து’ வாய்வார்த்தையாக இருக்கக் கூடாது. எத்தனை கிலோ இலை உள்ளே போனது, எத்தனை கிலோ பொடி வந்தது என்று ஒவ்வொரு தொகுதிக்கும் எடை போட்ட பதிவேடு வேண்டும். இன்னொன்று, பொடியை மூலிகைத் தேநீராக வகைப்படுத்தியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது; அங்கே வரம்பே காய்ந்த இலைக்குத்தான். எந்த வகையில் பார்த்தார்கள் என்று வாங்குபவரிடம் எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தத்தில் இதைவிடக் கடுமையான அளவுக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் சட்டம் உதவாது.

இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. ஹார்மோனைக் குலைக்கும் பூச்சிமருந்துகளையும் கிருமிநாசினி போன்ற உயிர்க்கொல்லிகளையும் அடையாளம் காண அளவுகோல் வகுக்க ஐரோப்பிய ஆணையத்துக்கு 2013 டிசம்பர் வரை கெடு இருந்தது. உயிர்க்கொல்லிகள் விஷயத்தில் ஆணையம் தவறியது என்று 2015-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமே தீர்ப்பளித்தது. விதிகள் நடைமுறைக்கு வர 2018 ஆனது. இன்னொரு பக்கம், தங்கள் வயலில் தடுத்த மருந்துகளை அங்குள்ள ஆலைகள் வெளிநாட்டுக்கு விற்றுக்கொண்டிருந்தன. அதே மருந்து நம் இலையில் திரும்பிப் போனால் சரக்கு நிற்கிறது.

அப்புறம், பாத்திரத்தையும் தரையையும் எந்தக் கிருமிநாசினியால் கழுவுகிறீர்கள்? பென்சால்கோனியம் குளோரைடு கலந்ததாக இருந்தால் அதன் எச்சத்துக்கும் வரம்பு உண்டு. அடுத்த அறுவடைக்கு முன், ‘இயற்கை மருந்து’ என்று விவசாயி வாங்கிய பாட்டிலையும், அதில் குளோர்பைரிபாஸ் இருக்கிறதா என்று ஒருமுறை சோதனைக்கு அனுப்புங்கள்.