ஏற்காட்டைவிடத் தாழ்வான ஊரில் மைனஸ் 38 டிகிரி
வாசகர் கேள்வி - பதில்

மார்கழி விடியலில் 12 டிகிரி வந்தாலே இங்கே பல் கிட்டுகிறது. உலகிலேயே மிகக் குளிரான பெரிய நகரம் எது? ஒருவர் ஓய்மியாகோன் என்கிறார், ஒருவர் யாகுட்ஸ்க் என்கிறார், இன்னொருவர் உலான்பாத்தர் என்கிறார்.
- வாசகர், நாகலூர், ஏற்காடு

ஓய்மியாகோனை முதலில் தள்ளிவிடலாம். ரஷ்யாவின் சைபீரியாவில், 1933-இல் மைனஸ் 67.7 பதிவான இடம்தான், ஆனால் அது சில நூறு பேர் வாழும் சிற்றூர். அதோடு, சாதனைக் குளிர் என்பது ஓர் இரவின் கதை. ஊரையும் ஊரையும் ஒப்பிட, பல ஆண்டுகளின் ஜனவரிச் சராசரியை எடுப்பதே முறை. பகல், இரவு எல்லாம் அதில் அடங்கிவிடும்.

அப்படிப் பார்த்தால், லட்சம் பேருக்கு மேல் வாழும் ஊர்களில் சைபீரியாவின் யாகுட்ஸ்க்தான் முதலிடம். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் அந்த ஊரின் ஜனவரிச் சராசரி சுமார் மைனஸ் 38. ஆனால் ஆண்டு முழுவதற்கும் சராசரி போட்டால் வடக்கு சைபீரியாவின் நோரில்ஸ்க் அதைவிடக் கீழே இறங்கிவிடும். காரணம் கோடை. யாகுட்ஸ்கில் ஜூலைச் சராசரி 20-ஐ ஒட்டி வரும், 38 டிகிரியைத் தொட்ட நாளும் உண்டு. நோரில்ஸ்குக்கு அப்படி ஒரு கோடை வாய்க்கவில்லை.

பெரிய நகரம் என்றால் பத்து லட்சம் பேராவது வேண்டும் என்பது என் கருத்து. அந்தக் கணக்கில் மங்கோலியாவின் உலான்பாத்தருக்குப் போட்டியே இல்லை: ஜனவரியில் சுமார் மைனஸ் 21, ஆண்டுச் சராசரி பூஜ்ஜியத்தை ஒட்டி. நாட்டுத் தலைநகரங்களில் மிகக் குளிரானதும் அதுவே. அடுத்து சீனாவின் ஹார்பின் (மைனஸ் 18), ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் (மைனஸ் 16, 17). குளிர் என்றதும் நம் நினைவுக்கு வரும் மாஸ்கோவுக்கு மைனஸ் 6, 7 தான்.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் குளிர்கிறது. அப்படியானால் அந்த ஊர்களெல்லாம் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன?
- மாணவி, அஸ்தம்பட்டி, சேலம்

நல்ல கேள்வி. பதில் உங்களுக்கு வியப்பாக இருக்கும். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு, ஆகவே மேலே எட்டு டிகிரி குறைகிறது. ஆனால் உலான்பாத்தர் 1,350 மீட்டர் அளவில்தான் இருக்கிறது, ஏற்காட்டைவிடத் தாழ்வு. யாகுட்ஸ்க் சுமார் 100 மீட்டர், சேலத்தைவிடவும் தாழ்வு!

முதல் காரணம் வெயிலின் சாய்வு. டிசம்பர் 21 அல்லது 22 நண்பகலில் சேலத்து வானத்தில் சூரியன் 55 டிகிரி உயரத்தில் நிற்கும். உலான்பாத்தரில் 19 டிகிரி. யாகுட்ஸ்கில் நாலரை டிகிரிதான், கூரைக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடும். நோரில்ஸ்கில் சுமார் ஒன்றரை மாதம் சூரியன் உதிப்பதே இல்லை.

சாய்வு மட்டும் போதாது. நோர்வேயின் டிராம்சோ ஏறக்குறைய நோரில்ஸ்கின் அட்சரேகையில்தான் இருக்கிறது. அங்கே ஜனவரிச் சராசரி மைனஸ் 4 அளவில் நின்றுவிட, நோரில்ஸ்க் மைனஸ் 27-க்குப் போகிறது. டிராம்சோவுக்குக் கடல் கணப்புப் போல உதவுகிறது. சைபீரியாவின் நடுவே அந்த உதவி இல்லை. மேகமற்ற நீண்ட இரவில் பனி மூடிய தரை வெப்பத்தை வானுக்கு விட்டுக்கொண்டே இருக்கும். குளிர்ந்து கனத்த காற்று, தண்ணீர் பள்ளத்தைத் தேடுவதுபோலப் பள்ளத்தாக்கில் தேங்கும். யாகுட்ஸ்க் லேனா ஆற்றுப் பள்ளத்தாக்கில், உலான்பாத்தர் தூல் ஆற்றுப் பள்ளத்தாக்கில். அந்த நாட்களில் நம் கொண்டை ஊசிக் கணக்கு தலைகீழாகிவிடும்: மலை ஏற ஏற வெதுவெதுப்பு கூடும். உலான்பாத்தரின் நிலக்கரிப் புகை மேலே எழ முடியாமல் ஊருக்குள்ளேயே தங்கிவிடுவதும் இதனால்தான்.

கனடாவின் வின்னிபெக்கில் மைனஸ் 25, ஆனால் 'உணரப்படுவது மைனஸ் 39' என்று செல்போன் காட்டுகிறது. எது உண்மை?
- வாசகர், ஆத்தூர்

இரண்டும். மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றில், மைனஸ் 25 திறந்த தோலுக்கு மைனஸ் 39 போல உறைக்கும். பத்திலிருந்து முப்பது நிமிடத்துக்குள் பனிக்கடி (குளிரில் தோலும் சதையும் உறைவது) வரலாம். ஆனால் வெளியே வைத்த வாளித் தண்ணீர் மைனஸ் 25-க்குக் கீழே போகாது.

மகள் மருத்துவம் படிக்க ஹார்பின் போகிறாள். ஸ்வெட்டர் இரண்டு, சால்வை, குல்லா வாங்கிவிட்டோம். போதுமா?
- வாசகி, சூரமங்கலம், சேலம்

போதாது அம்மா, ஆனால் ஸ்வெட்டர் வீண் போகாது. உடலை ஒட்டி கம்பளி அல்லது பாலியஸ்டர் தெர்மல் உள்ளாடை. பருத்திப் பனியன் கூடாது, அது வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைச் சில்லிட வைக்கும். அதன் மேல் உங்கள் ஸ்வெட்டர். எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத, இறகு அடைத்த நீளக் கோட்டு. கோட்டையும் ஷூவையும் அங்கேயே வாங்கட்டும், அந்தக் குளிருக்கென்றே தைத்தவை கிடைக்கும். ஷூ ஓர் அளவு பெரிதாக இருக்க வேண்டும். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துவிடும்.

கட்டடத்துக்குள் கணப்பு ஓடும். நுழைந்ததும் கோட்டைத் திறந்துவிடச் சொல்லுங்கள், வியர்த்துவிட்டு வெளியே போவதுதான் ஆபத்து. மைனஸ் 20 காற்றில் கன மீட்டருக்கு ஒரு கிராம் ஈரம்தான் இருக்கும். அறைக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடாகும்போது அதே காற்று 17 கிராம் ஈரம் கேட்கும். அதைத் தோல், உதடு, மூக்கிலிருந்து உறிஞ்சும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் வாசலின் கொடுத்தனுப்புங்கள்.

செல்போன் உட்பாக்கெட்டில் இருக்கட்டும். சில்லிட்டிருக்கும்போது சார்ஜ் போட்டால் பேட்டரி நிரந்தரமாகக் கெடும்.

விரல் வெளுத்து உணர்விழந்தால் தேய்க்கவே கூடாது, திசு கிழியும். 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். அடுப்பிலோ ஹீட்டரிலோ காட்டக் கூடாது. மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது.

நம் லாரி யாகுட்ஸ்க் போன்ற ஊரில் ஓடுமா?
- லாரி உரிமையாளர், சங்ககிரி

இப்படியே கொண்டுபோனால் ஓடாது. டீசலில் உள்ள மெழுகு கட்டியாகி முதலில் ஃபில்டர் அடைக்கும், அதனால் அங்கே குளிர்காலத்துக்கென்றே தனி டீசல் விற்கிறார்கள். கூலன்ட்டில் (எஞ்சின் சூட்டைத் தணிக்கும் கிளைக்கால் திரவம்) சரிபாதி தண்ணீர் கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். தண்ணீரே வேண்டாம் என்று முழு கிளைக்காலை ஊற்றுவது பெரும் தவறு, அது மைனஸ் 13-லேயே உறையும். யாகுட்ஸ்குக்கு 60 பங்கு கிளைக்கால், 40 பங்கு தண்ணீர். புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் யூரியாக் கரைசல் மைனஸ் 11-இல் உறையும், அதன் டேங்குக்கு ஹீட்டர் வேண்டும். சார்ஜ் இறங்கிய பேட்டரி மைனஸ் 10 அளவிலேயே உறைந்து விரிசல் விடும், நிறைந்திருந்தால் மைனஸ் 50-ஐயும் தாங்கும். ஆகவே இரவில் பேட்டரியைக் கழற்றி அறைக்குள் வைப்பது நல்லது.