இடிந்து விழாத மைதானம்: கடிதமும் பதிலும்

வணக்கம்.

1990இல் நியூசிலாந்தின் ரிச்சர்ட் ஹாட்லி நம் சஞ்சய் மஞ்ச்ரேக்கரை போல்டாக்கி 400ஆவது டெஸ்ட் விக்கெட் எடுத்த கிறைஸ்ட்சர்ச் மைதானம் இன்று இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அது ரக்பி மைதானம் என்கிறான் என் தம்பி. எது சரி? பூகம்பத்தில் இடிந்து விழுந்துவிட்டதா?

- ஒரு வாசகர்

*

வணக்கம்.

தம்பி சொல்வதும் சரிதான். அந்த மைதானத்தின் பெயர் லங்காஸ்டர் பார்க், 1881இல் திறந்தது. கோடையில் கிரிக்கெட், குளிர்காலத்தில் ரக்பி. நியூசிலாந்து தன் முதல் டெஸ்ட்டை 1930இல் ஆடியதே அங்கேதான். ஆனால் ஊர்க்காரர்களுக்கு முதலில் அது ரக்பி மண், கேன்டர்பரி மாகாண அணிக்கும் பிறகு வந்த க்ரூசேடர்ஸ் என்ற ரக்பி அணிக்கும் சொந்த வீடு. முதல் உலகப்போர் சமயத்தில் பணம் திரட்டுவதற்காக அந்தத் தரையை உழுது உருளைக்கிழங்கு போட்டிருக்கிறார்கள் என்றால் பாருங்கள், அந்த ஊருக்கும் அந்த மண்ணுக்கும் என்ன உறவு என்று.

இடிந்து விழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பூகம்பம் வந்தது 2011 பிப்ரவரி 22, பகல் 12.51. அதில் 185 பேர் இறந்துபோனார்கள். மைதானத்தின் கேலரிகள் மட்டும் நின்றன, தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் ஆகாத மாதிரியே. ஆனால் புல்தரையைக் கிழித்துக்கொண்டு சாம்பல் நிறச் சேறு பொங்கி, மேடுமேடாகக் கிடந்தது. நிலத்தடி நீர் ஊறிய மணல் குலுங்கும்போது கஞ்சி மாதிரி ஆகிவிடும், எடை தாங்காது. கீழே மண் இளகியதும் மேலே இருந்த கட்டடங்கள் ஒரு பக்கம் இறங்கிவிட்டன. அதில் டீன்ஸ் ஸ்டாண்ட் என்ற கேலரி, அதே ஆண்டு நடக்கவிருந்த ரக்பி உலகக்கோப்பையை மனதில் வைத்துக் கட்டி, திறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அங்கே நடக்க வேண்டிய ஆட்டங்களெல்லாம் வேறு ஊர்களுக்குப் போயின.

க்ரூசேடர்ஸ் அந்த சீசன் முழுக்க வீடில்லாமல் அலைந்தார்கள். 'சொந்த மைதான' ஆட்டங்களை நெல்சனில், டிமருவில், ஒரு முறை லண்டன் ட்விக்கனமில்கூட ஆடினார்கள். அப்படியும் சூப்பர் ரக்பி தொடரின் இறுதிப்போட்டி வரை போய் பிரிஸ்பேனில் 18-13 என்று தோற்றார்கள். எனக்கு அந்தத் தோல்வி பல வெற்றிகளைவிடப் பெரியது.

அடுத்த ஆண்டு கிறைஸ்ட்சர்ச்சின் ஆடிங்டன் பகுதியில் தற்காலிக மைதானம் ஒன்று வந்தது. பழையது என்ன ஆயிற்று? பழுது பார்க்கலாமா, கூடாதா, யார் செலவு என்று வருஷக்கணக்கில் இழுத்தது. ஆளில்லாத கேலரிகள் அத்தனை காலமும் அப்படியே நின்றன. ஒரே நாளில் விழுந்திருந்தால் அழுது தீர்த்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. ஒருவழியாக 2018, 2019இல் இடித்து முடித்தார்கள்.

போர் நினைவு வாசலை மட்டும் தொடவில்லை. உள்ளே இப்போது திறந்த புல்வெளி, உள்ளூர்க்காரர்கள் விளையாடுகிறார்கள். 1998 முதல் ஸ்பான்சர் கம்பெனிகளின் பெயரைச் சுமந்த இடம். அப்புறம், இதையும் உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள்: இப்போது அதன் பெயர் மறுபடியும் லங்காஸ்டர் பார்க்.