வாசகர் கேள்வி – பதில்: வெளியுறவு வரலாற்றை நூலகத்தில் எங்கே தேடுவது?

கேள்வி: முதுகலை வரலாறு படிக்கிறேன். 1953ஆம் ஆண்டு ஈரானில் பிரதமர் மொசாதெக் பதவியிலிருந்து வீழ்த்தப்பட்டது குறித்து ஆய்வேடு எழுதவிருக்கிறேன். நூலகத்தில் தொகுதி தொகுதியாக ஆவண நூல்கள் இருக்கின்றன, எதிலிருந்து தொடங்குவது?

பதில்: ஆவணத் தொகுதிகளிலிருந்து தொடங்க வேண்டாம். உங்கள் பொருள் பற்றி அண்மையில் வந்த இரண்டு ஆய்வு நூல்களை எடுத்து, உள்ளே படிக்கும் முன்பே அடிக்குறிப்புகளைப் புரட்டுங்கள். எந்தக் காப்பகம், எந்த வரிசை, எந்தக் கோப்பு என்று அங்கே காணப்படும் குறியீடுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, குறிப்புதவிப் பிரிவு நூலகரிடம் காட்டுங்கள். ‘ஈரான் பற்றி என்ன இருக்கிறது?’ என்று கேட்பவருக்கு அவர் அலமாரியைத்தான் காட்ட முடியும். குறியீட்டோடு வருபவருக்கு, அது அச்சில் இருக்கிறதா, மைக்ரோஃபிலிமில் இருக்கிறதா, நூலகம் சந்தா கட்டும் தரவுத்தளத்தில் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்.

அதன் பிறகு, அமெரிக்க வெளியுறவுத் துறை 1861 முதல் வெளியிட்டு வரும் ‘ஃபாரின் ரிலேஷன்ஸ் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்ற ஆவண வரிசைக்கு வாருங்கள். அத்துறையின் வரலாற்று அலுவலகத் தளத்தில் இதைக் கட்டணமின்றிப் படிக்கலாம். நீங்கள் எடுத்துக்கொண்ட பொருளே இந்த வரிசையின் வரலாற்றில் ஒரு திருப்புமுனை. ஈரான் பற்றிய தொகுதி 1989இல் வெளிவந்தபோது, ஆட்சிக் கவிழ்ப்பில் சி.ஐ.ஏ.வுக்கு இருந்த பங்கு பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. வரலாற்றாசிரியர்களிடையே பெரும் கண்டனம் எழுந்தது. வரிசையின் ஆலோசனைக் குழுத் தலைவர் 1990இல் பதவி விலகினார். நிகழ்ந்தவற்றை முழுமையாகவும் துல்லியமாகவும் நம்பகமாகவும் பதிவுசெய்ய வேண்டும், 30 ஆண்டுகளுக்குள் வெளியிட வேண்டும் என்று 1991இல் சட்டமே இயற்றப்பட்டது. விடுபட்டதைச் சேர்த்த புதிய ஈரான் தொகுதியோ 2017இல்தான் வந்தது. சட்டம் விதித்த கெடுவை அரசே எந்த அளவுக்கு மதித்தது என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். இந்த இரண்டு தொகுதிகளையும் அருகருகே வைத்து ஒரே மாதத்துக்குரிய ஆவணங்களை ஒப்பிட்டுப் படியுங்கள். உங்கள் ஆய்வேட்டின் ஓர் இயல் அதிலிருந்தே பிறக்கக்கூடும்.

புதிய தொகுதியைப் படிக்கையில் இரண்டு இடங்களில் கண் நிற்க வேண்டும். ஒவ்வோர் ஆவணத்தின் முதல் அடிக்குறிப்பும், மூலம் எந்தக் காப்பகத்தில் எந்தப் பெட்டியில் இருக்கிறது, அதற்கு எந்த அளவு இரகசிய முத்திரை இருந்தது என்பதைச் சொல்லும். ஆவணத்தின் நடுவே பகர அடைப்புக்குள், இத்தனை வரிகள் இன்னும் வெளியிடப்படவில்லை என்ற குறிப்பு வரும். மறைத்ததை மறைத்தோம் என்று அளவோடு சொல்லும் இந்த வழக்கம் பாராட்டத்தக்கது. 1989ஆம் ஆண்டுத் தொகுதியின் பெருங்குறையே, விடுபட்டது எது என்று வாசகருக்குத் தெரியாமல் போனதுதான்.

அரசு ஆவணங்களோடு நின்றுவிடாதீர்கள். ஈரான் 1951இல் நாட்டுடைமையாக்கிய ஆங்கிலோ-ஈரானிய எண்ணெய் நிறுவனத்தின் பழைய ஆவணங்கள், இன்றைய பி.பி. நிறுவனக் காப்பகத்தின் பகுதியாக, இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ளன. நாட்டுடைமையாக்கத்தால் எழுந்த தகராறு பன்னாட்டு நீதிமன்றத்துக்கும் போனது. நிறுவனத்துக்கும் ஈரான் அரசுக்கும் இடையிலான ஒப்பந்தம் இரு நாடுகளுக்கிடையிலான உடன்படிக்கை ஆகாது என்று கூறி, வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என 1952 ஜூலையில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரு தரப்பும் தாக்கல் செய்த எழுத்துவழி வாதங்கள் நீதிமன்றத்தின் வெளியீடுகளாகவே கிடைக்கின்றன. ஈரான் தரப்பின் குரலை ஆங்கில, பிரெஞ்சு மொழிகளிலேயே கேட்க இதைவிட எளிய வழி இல்லை.

கேள்வி: அச்சுத் தொகுதிகளே போதிய அளவு இருக்கும்போது, காப்பகத்துக்கு நேரில் சென்று கோப்பைப் பார்க்க வேண்டிய அவசியம் என்ன?

பதில்: அச்சில் பெரும்பாலும் தந்தியும் கடிதமும்தான் வரும், அவற்றைப் படித்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது கோப்பின் மேலுறையில் இருக்கும். லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில், எஃப்.ஓ. 371 என்ற வரிசையில், வெளியுறவு அலுவலக அரசியல் பிரிவுகளின் 1906 முதல் 1966 வரையிலான கடிதப் போக்குவரத்து இருக்கிறது. தூதர் அனுப்பிய அறிக்கை உள்ளே இருக்க, மேலுறையில் இளநிலை அலுவலர் தம் கருத்தை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இட்டிருப்பார். அதன் கீழே பிரிவுத் தலைவர் மறுத்தோ ஆமோதித்தோ எழுதியிருப்பார். அதற்கும் கீழே துணைச் செயலர். கொள்கை ஒன்று கீழிருந்து மேலே போகும்போது எங்கே வளைந்தது என்பதை அந்தக் கையெழுத்துகளில் பார்க்கலாம்.

காப்பகத்தில் இருப்பதே முழுமை என்றும் எண்ணிவிடக்கூடாது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கென்யாவில் நடந்த மாவ் மாவ் கிளர்ச்சிக் காலத்தில் கொடுமைக்கு ஆளானவர்கள் லண்டனில் தொடுத்த வழக்கின்போதுதான், 37 முன்னாள் குடியேற்ற நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சுமார் 8,800 கோப்புகள் ஹான்ஸ்லோப் பார்க் என்ற அரசு வளாகத்தில் வைக்கப்பட்டிருந்தது 2011இல் வெளிச்சத்துக்கு வந்தது. இப்போது அவை கியூவில் எஃப்.சி.ஓ. 141 என்ற வரிசையில் உள்ளன.

ஒரு நடைமுறை எச்சரிக்கை, பட்டறிந்து சொல்கிறேன். ஒரு காப்பகத்தில் இரண்டு நாள் அமர்ந்து நூற்றுக்கணக்கான பக்கங்களைப் படமெடுத்துத் திரும்பினேன். பல படங்கள் எந்தக் கோப்பைச் சேர்ந்தவை என்று வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோது விளங்கவில்லை. மேற்கோள் காட்ட முடியாத ஆவணம் கையில் இருந்தும் பயனில்லை. ஒவ்வொரு கோப்பையும் படமெடுக்கத் தொடங்கும் முன் அதன் எண் தெரியும் மேலுறையை முதலில் எடுங்கள்.

கேள்வி: ஐ.நா. பாதுகாப்பு அவைத் தீர்மானத்தை மேற்கோள் காட்ட ஆங்கிலப் பிரதி மட்டும் போதாதா?

பதில்: பல வேளைகளில் போதும், சில வேளைகளில் போதாது. 1967 நவம்பர் 22 அன்று நிறைவேறிய 242ஆம் தீர்மானத்தைப் பாருங்கள். இஸ்ரேலியப் படைகள் ஆக்கிரமித்த பகுதிகளிலிருந்து வெளியேற வேண்டும் என்ற தொடரில், ஆங்கிலத்தில் ‘டெரிட்டரீஸ்’ என்ற சொல்லுக்கு முன் ‘தி’ இல்லை. ஆகவே எல்லாப் பகுதிகளும் என்று பொருளாகாது என்பது ஒரு தரப்பின் வாதம். பிரெஞ்சுப் பிரதியில் இலக்கணப்படி ‘தி’க்கு இணையான சொல் இடம்பெற்றுவிட்டதால், எல்லாப் பகுதிகளும் என்றே பொருள் என்பது மறுதரப்பின் வாதம். ‘தி’ போன்ற சொல் இல்லாத தமிழில் மட்டும் இதைப் படிப்பவருக்கு, இத்தனை ஆண்டுச் சண்டை எதற்கென்றே விளங்காது.

இரு பிரதிகளையும் ஐ.நா. எண்ம நூலகத்தில் இலவசமாகப் பெறலாம். தீர்மானத்தோடு நிற்காமல், அன்றைய 1382ஆம் கூட்டத்தின் சொல்லுக்குச் சொல் பதிவையும் சேர்த்து எடுங்கள். எல்லாப் பகுதிகளிலிருந்தும் வெளியேறுவது என்றே தம் அரசு புரிந்துகொள்வதாக இந்தியப் பிரதிநிதி பேசியதும், ஒவ்வொரு நாடும் தன் சார்பில் பேசலாம், ஆயினும் தீர்மானத்தின் வாசகம் மட்டுமே கட்டுப்படுத்தும் என்று வரைவைக் கொண்டுவந்த பிரிட்டனின் காரடன் பிரபு பதிலளித்ததும் அதில் பதிவாகியுள்ளன.